எவ்வளவு என்று கேட்கக் கூடாது

எங்கள் கரையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. கடலால் வந்தவனிடம் "எவ்வளவு பட்டது?" என்று கேட்கக் கூடாது. வள்ளத்துக்குள் எட்டிப் பார்க்கலாம். மீனைக் கூறி விற்கும்போது பக்கத்தில் நின்று விலையைக் காதால் கேட்கலாம். ஆனால் வாயைத் திறந்து அந்தக் கேள்வியைக் கேட்டால் நாவூறு பட்டுவிடும், அடுத்த நாள் வலை வெறும் பாசியோடு வரும். வெளியூர்க்காரர் யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால் அப்பா "கறிக்குக் கிடந்தது" என்பார். வள்ளம் நிறையப் பாரை கிடந்தாலும் அதே பதில்தான். ஒன்றும் படாத நாளில்தான் அவருக்கு வாய் திறக்கும். எண்ணெய்ச் செலவுக்கும் காணாது என்று கடலையும் காற்றையும் வாய்விட்டுத் திட்டுவார். கடற்படையை வாய்க்குள் திட்டுவார்.

ஆகவே எங்கள் ஊரில் புலம்புகிறவன் ஏழை, பேசாமல் இருக்கிறவன் பணக்காரன். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

சண்டையால் இடம்பெயர்ந்திருந்த இடத்திலிருந்து தொண்ணூற்றாறில் ஊர்காவற்றுறைக்குத் திரும்பி வந்தோம். வீட்டுக்குக் கூரை இல்லை. நிலைக்கதவைக்கூட யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அப்பா முதலில் ஒரு சம்மாட்டியாருடைய படகில் கூலிக்குப் போனார், பிறகு பங்குக்குப் போனார், கடைசியில் சொந்தமாக ஒரு வள்ளமும் எஞ்சினும் எடுத்தார். எஞ்சின் எடுக்கப்போவதை அவர் எங்களுக்கே சொல்லவில்லை. ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்து பார்க்கிறேன், விறாந்தையில் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது. அம்மா செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து அதைச் சுற்றி அடுப்பில் போட்டார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற சனம்தான் நாங்கள். ஆனால் நாவூறு விஷயத்தில் அந்தோனியாரை மட்டும் நம்பி இருக்க அம்மாவால் ஏலாது.

நான் கன்னியர் மடத்தில் ஆங்கிலம் படித்தேன். அது எதற்கு உதவும் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. பிறகு சமாதான காலம் வந்தது. கொழும்புக்குப் போகும் பாதை திறந்தது. யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டு நிறுவனங்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் வாடகைக்கு வீடு எடுத்துப் பெயர்ப்பலகை மாட்டின. கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றில் எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. வெள்ளைக்காரர் சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும், சனம் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். என் வேலை முழுக்கப் பேச்சுத்தான். வீட்டுக்கு வந்தால் வாயைப் பூட்ட வேண்டும்.

முதற் சம்பளம் வந்த அன்று அப்பா முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அம்மா குசினிக்குள் இருந்தார். இரண்டு பேரையும் கூப்பிட்டு வைத்துத் தொகையைச் சொன்னேன். அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். அப்பா ஊசியை வைத்துவிட்டு எழும்பிப் போய் வேலிக்கு வெளியே யாரும் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்தார்.

"மாசத்துக்கோ?"

"ஓம் அப்பா."

"இனி இதை இந்த வீட்டுக்குள்ளயும் கதைக்கக் கூடாது" என்றார்.

அந்தத் தொகையை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் அதை இன்றைய விலைவாசிக்குப் பெருக்கிப் பார்ப்பீர்கள். பெருக்குகிறவர்களால் நான் பட்டது போதும். எங்கள் பள்ளிக்கூடத்து அதிபருடைய சம்பளத்தைவிடக் கூட என்று மட்டும் சொல்கிறேன். கலியாணம் ஆகாத, கடற்றொழிலாளியின் மகள் ஒருத்திக்கு அது பெரிய காசுதான். மறுக்கவில்லை.

அரசாங்க உத்தியோகக்காரருக்கு இந்தத் தொல்லை கிடையாது. இன்ன தரம் என்று சொன்னாலே சம்பளம் ஊருக்கு விளங்கிவிடும். கடன் கழித்து, சீட்டுக் கழித்து, கையில் மிஞ்சுவது எவ்வளவு என்பதைக்கூட பஸ்ஸுக்குள் தொங்கிக்கொண்டு நின்று சொல்வார்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்களை மதில் காட்டிக்கொடுத்துவிடும். மதிலின் உயரத்தைப் பார்த்துப் பிள்ளை கனடாவா சுவிஸா என்று சொல்லக்கூடிய கெட்டிக்காரர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். என்னை எந்த வகையில் சேர்ப்பது என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. உள்ளூரில் இருந்துகொண்டு வெளிநாட்டுக்காரனிடம் சம்பளம் எடுக்கிறாள், வீட்டுக்கு மதிலும் இல்லை, தென்னோலைக் கிடுகுவேலிதான்.

நேரே யாரும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள். "சாப்பாடு அவையளே தருவினமோ?" என்பார்கள். "வாகனம் வந்து ஏத்துமோ?" என்பார்கள். "டொலரிலயோ, ரூபாயிலயோ?" என்று ஒருத்தி கோயில் வாசலில் வைத்துக் கேட்டாள். சுற்றிச் சுற்றி வலை வளைப்பார்கள். நானும் அப்பாவுக்குப் பிறந்தவள். "ஏதோ சீவியம் போகுது" என்பேன். நிறுவனத்து வாகனம் வாசல்வரை வருவேன் என்றது; வேண்டாமென்று பஸ்ஸில் போனேன். யாழ்ப்பாணத்தில் நல்ல செருப்பு வாங்கினால் அதை அலுவலகத்திலேயே வைத்துவிட்டு, தேய்ந்த செருப்போடு ஊருக்கு வருவேன். கூரைக்கு ஓடு போடுவோம் என்று அம்மா சொன்னபோது அப்பா விடவில்லை, தகரம் காணும் என்றார். இவ்வளவு சம்பளம் எடுத்தும் மழை பெய்தால் அந்தத் தகரத்துக்குக் கீழே நாங்கள் ஒருவருக்கொருவர் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

காசு எங்கே போனது என்று கேட்பீர்கள். தம்பியை வெளியே அனுப்பவென்று ஒரு முகவருக்குப் போனது. தம்பி நடுவழியில், பெயரே சரியாகச் சொல்ல வராத ஒரு நாட்டில் மாட்டுப்பட்டுக் கிடந்தான். முகவர் மறுபடி கேட்டார், மறுபடி கொடுத்தோம். அதுவும் ஊருக்குத் தெரியாது. நாங்கள்தான் எதையும் சொல்கிற ஆட்கள் இல்லையே.

பக்கத்து வளவில் பெரியம்மா இருந்தார், அம்மாவுடைய தமக்கை. என்னில் உயிர். ஒரு கலியாண வீட்டில் யாரோ ஒரு தாய், தன் மகன் பிரான்சிலிருந்து மாதாமாதம் அனுப்புவதைப் பற்றி நீட்டி முழக்கியிருக்கிறாள். பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "எங்கட பிள்ளை கடல் தாண்டாமலே அதைவிடக் கூட எடுக்கிறாள்" என்று ஒரு தொகையைச் சொல்லிவிட்டார். தொகை அவருடைய சொந்தக் கற்பனை. பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா சிரித்துவிட்டுப் பேசாமல் சாப்பிட்டார். எங்கள் ஊரில் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தொகை பஸ் ஏறியது. வேலணைக்குப் போய், மண்டைதீவுச் சந்தியில் இறங்கி, யாழ்ப்பாணம் போய்த் திரும்பி வரும்போது நன்றாக வளர்ந்திருந்தது. கலியாணத் தரகர் ஒருவர் அதை அப்பாவிடமே கொண்டுவந்து சொல்லி, இப்படி உழைக்கிற பிள்ளைக்குச் சீதனம் கேட்கமாட்டார்கள் என்றார். அப்பா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது. பயம் பிறகுதான் வந்தது, வந்ததும் இருந்துவிட்டது.

இரண்டாயிரத்து ஆறில் பாதையைப் பூட்டினார்கள். சீனி இல்லை, மா இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. கடலுக்குத் தடை, பிறகு கடற்படையிடம் பாஸ் எடுத்துக்கொண்டு, சொன்ன நேரத்தில் இறங்கி, சொன்ன நேரத்துக்குள் ஏற வேண்டும். அந்த நாட்களில்தான் காசு உள்ளவர்கள் என்று பேர் எடுத்தவர்களுக்குக் கப்பம் கேட்டுப் போன் வரத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் ஒரு நகைக்கடைக்காரருக்கு வந்ததாம். ஒரு வைத்தியருக்கு வந்ததாம். கொடாத ஒருவரை வீட்டுக்காரர் இன்னும் தேடுகிறார்களாம். யார் எடுக்கிறார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவுமில்லை.

எங்கள் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தது. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். நான்தான் எடுத்தேன்.

"தங்கச்சி, வேலையெல்லாம் எப்பிடிப் போகுது?" மரியாதையான குரல். அதுதான் கூடப் பயமாக இருந்தது.

"நீங்கள் ஆர்?"

"அது தேவையில்லை. நல்லா உழைக்கிறீங்கள் எண்டு கேள்விப்பட்டனாங்கள். எங்களுக்கும் ஒரு பங்கு தாங்கோ." பிறகு என் சம்பளம் இவ்வளவு என்று சொன்னான். என் உண்மைச் சம்பளத்தின் மூன்று மடங்கு அது. பெரியம்மா சொன்னதைவிடவும் கூட. தங்களுக்கு வேண்டிய தொகையையும் சொன்னான்.

"அண்ணை, சத்தியமாய் எனக்கு அவ்வளவு இல்லை."

"அப்ப எவ்வளவு?"

வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. நம்புவீர்களோ தெரியாது, உயிரை வைத்துப் பேசுகிற ஒருவன் கேட்கிறான், சொன்னால் தப்பலாம், அப்போதும் எனக்கு அந்தத் தொகை தொண்டையை விட்டு வரவில்லை. அத்தனை வருடம் பூட்டி வைத்த வாய் அது.

"பாத்தீங்களே, சொல்ல ஏலாமல் கிடக்கு" என்று அவன் மெல்லச் சிரித்தான். "யோசியுங்கோ தங்கச்சி. உங்கட அப்பா விடிய எந்தக் கரையால இறங்கிறவர், எங்க ஏறுறவர் எண்டெல்லாம் எங்களுக்குத் தெரியும். வயசு போன மனுசன்."

அதற்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை. விடிய அப்பா இறங்கினால் அவருக்குப் பின்னால் நானும் கரைக்குப் போவேன். போகாதே என்று சொன்னால் கேட்கிற மனிதரா? கடலுக்குப் போகாவிட்டால் பாஸை வெட்டிவிடுவார்கள் என்பார். வேலைக்குப் போகும் பஸ்ஸில் யாராவது என்னை இரண்டாம் தரம் பார்த்தால் அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிடுவேன். சோதனைச்சாவடியில் இறங்கி நடக்கும்போது, பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள் என்னைத் தாண்டிப் போகும்வரை வேலியோரம் ஒதுங்கி நிற்பேன். அலுவலகத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் எனக்குத்தான் பாதுகாப்புத் தருவார்கள், அப்பாவுக்கு யார் தருவது? பின்னேரம் வீடு திரும்பி, வாசலில் அப்பாவுடைய சைக்கிளைக் கண்ட பிறகுதான் எனக்குத் தண்ணீர் இறங்கும்.

மறுபடியும் போன் வந்தது. அம்மா எடுத்துவிட்டு அழுதார். அன்று பின்னேரம் மூன்று பேரும் குசினிக்குள் இருந்து பேசினோம். அப்பா என்னிடம் தொகையை இன்னொரு தரம் கேட்டார். முதற் சம்பளத்திலிருந்து கொஞ்சம் ஏறியிருந்தது. ஏறியதையும் சேர்த்துச் சொன்னேன்.

"அவங்களுக்குக் கதை எங்கயிருந்து போனது?" என்றார் அப்பா. "ஊரிலயிருந்துதானே? அப்ப ஊருக்கு உண்மையைச் சொன்னால், உண்மையும் அதே வழியால போய்ச் சேரும்."

"ஐயோ, வேண்டாம். வாயால சொன்னால் இருக்கிறதும் போயிடும்" என்றார் அம்மா.

"போறதுக்கு இனி என்ன இருக்கு?"

அந்த ஞாயிறு பூசை முடிந்து சனம் கோயில் வாசலில் நின்றது. வழக்கம்போல ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அப்பா படியில் ஏறி நின்று, "எல்லாரும் ஒருக்கா நில்லுங்கோ" என்றார். அவர் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததே இல்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"என்ர மேள் கனக்க எடுக்கிறாள் எண்டு ஒரு கதை திரியுது. அது பொய். அவள் மாசம் எடுக்கிறது இவ்வளவுதான்." தொகையைச் சொன்னார், சதக் கணக்காக. "கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாதாவறிய இதுதான் உண்மை."

எனக்கு நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது. வெட்கமா பயமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சனம் கெட்ட வார்த்தை கேட்டதுபோல நிலத்தைப் பார்த்தது. பெண்கள் பக்கத்தில் யாரோ முக்காட்டைச் சரிசெய்தார்கள். "ஏனண்ணை, ஆர் உங்களைக் கேட்டது?" என்றார் ஒருவர், அப்பாவுக்காக வெட்கப்பட்டு. அப்பா முன்னொரு காலம் கூலிக்குப் போன சம்மாட்டியார் கிட்ட வந்து அவருடைய தோளில் தட்டினார்.

"நல்ல வேலை செய்தாய். ஊர்க்கண் பொல்லாதது. இப்பிடி ஒண்டைச் சொல்லி வைக்கிறதுதான் புத்தி" என்றார்.

அப்பாவுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது அவருடைய முகம் விழுந்ததை நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஓடிப்போய் அவருடைய கையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது, ஆனால் கோயில் வாசலில் அப்படிச் செய்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

உண்மை, அப்பா சொன்னதுபோலவே, அதே வழியால் போய்ச் சேர்ந்தது. அந்தக் கிழமையே போன் வந்தது.

"தங்கச்சி, கொப்பர் கோயிலில சொன்னவராம். நாங்களும் கரையில பிறந்தனாங்கள்தான். கடலோடி தன்ர வாயால இவ்வளவு எண்டு சொன்னால், உள்ளுக்கு எவ்வளவு கிடக்கும் எண்டு எங்களுக்குத் தெரியாதோ?"

கேட்ட தொகையைக் கூட்டினான். நான் அழுதேன், கெஞ்சினேன், இந்த முறை என் சம்பளத்தை நானே வாய்விட்டுச் சொன்னேன். முழுத் தொகையும் தடையில்லாமல் வந்தது. அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எப்போது, எங்கே கொண்டுவர வேண்டும் என்று சொன்னான்.

எஞ்சினை விற்றோம். வள்ளத்தை விற்றோம். அம்மாவுடைய தாலிக்கொடி, என் காப்பு, எல்லாம் போனது. எஞ்சினையும் வள்ளத்தையும் வாங்கியவர் அந்தச் சம்மாட்டியார்தான்; அந்த நாளில் எஞ்சின் வாங்க வேறு யாரிடம் காசு இருந்தது? நானும் அம்மாவும் சொன்ன இடத்தில் ஒரு கடைப்பையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தோம். போன் நின்றது. ஏன் நின்றது, மறுபடி எப்போது தொடங்கும் என்று தெரியாததால் அது நின்றதுகூட நிம்மதியைத் தரவில்லை. போன் மணி அடித்தால் அம்மா இன்றைக்கும் எழும்பி நிற்பார்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? "மேளின்ர சம்பளம் இருக்கேக்க அந்தாளுக்கு என்னத்துக்குக் கடல்? வித்துப்போட்டு வீட்டில இருக்கிறார்." கேட்டபோது எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பெரியம்மாவே ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "இனியாவது ஓடு போடுங்கோவன், ஆருக்கு ஒளிக்கிறியள்?" என்றார். அவரோடு பேசாமல் எத்தனையோ நாள் இருந்தேன். பேசாமல் இருந்ததற்கும் ஊர் ஒரு காரணம் வைத்திருந்தது, காசுத் திமிர் என்று.

அப்பா கரைக்குப் போவதை விட்டார். மற்றவர்களுடைய வலையை வாங்கி வந்து முற்றத்தில் இருந்து பொத்துவார். உயிரோடு இருக்கிறார், அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பல நாள் அது போதவில்லை.

பிறகு நிறுவனம் என்னைக் கொழும்புக்கு மாற்றியது. பாதை இல்லை, காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் திருகோணமலைக்குப் போய்த்தான் கொழும்பு போக வேண்டும். அனுமதி வந்த அன்று அப்பா எனக்குப் பை தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தார். பஸ் பிந்திவிட்டது. வெயில். மதகுக் கட்டில் இரண்டு பேரும் இருந்தோம். சும்மா இருக்கப் பழகாத கைகளை அவர் மடியில் வைத்துக்கொண்டு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"பிள்ளை, ஒண்டு கேட்டால் கோவிப்பியோ?"

"கேளுங்கோ அப்பா."

"இப்ப ஒருத்தரும் இல்லை. எஞ்சினும் போயிட்டுது, வள்ளமும் போயிட்டுது, இனி எனக்கு ஒளிச்சு ஆகப்போறது ஒண்டுமில்லை." குரலைத் தாழ்த்தினார். "உனக்கு உண்மையில எவ்வளவு தருகினம்?"

பகிடி விடுகிறார் என்று முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. என் சொல்லை நம்பாமலேயே எனக்காகக் கோயில் படியில் ஏறி நின்று மாதாவின் பெயரால் சொன்ன மனிதர் என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் கோயிலில சொன்னதுதான் அப்பா. அவ்வளவும்தான். வேற ஒண்டுமில்லை."

அப்பா தலையாட்டினார். பஸ் வந்தது. பையைத் தூக்கி எனக்கு முன்னால் உள்ளே வைத்துவிட்டு இறங்கி நின்றார்.

"சரி பிள்ளை" என்றார். "சொல்லப் பயமெண்டால் விடு."